மின்னலின் மேல் விழுந்த பழி

தெகிவளைக் கடற்கரைக்குக் கிழக்கே, கொகுவளையையும் நெதிமாலவையும் அயலாகக் கொண்டு, இன்று வீடுகளும் அடுக்குமாடிகளுமாய் நெருங்கிப்போன களுபோவிலவில், ஐப்பசி மாதத்துப் பிற்பகலொன்றில் வானம் கறுத்து, காற்று அடங்கி, கண்கூசும்படி ஒரு மின்னல் வெட்டி, அதே கணத்தில் வீட்டு விளக்குகளும் அணைந்துவிடுமாயின், மதிலின் இருபுறத்திலும் நின்று அயலவர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வாக்கியம் ஒன்றே: "மின்னல் அடிச்சுக் கரண்ட் போட்டுது." இத்தீர்ப்பு பலமுறை உண்மையாகிறது, பலமுறை பிழைத்தும் போகிறது. இரண்டையும் பிரித்தறிவதற்கு வேண்டிய சாட்சியங்கள் பெரும்பாலும் அவ்வீட்டுக்குள்ளும் அத்தெருவிலுமே கிடக்கின்றன. அவற்றை வாசிக்கும் வித்தையோ இத்தீவில் மின்விளக்கு எரியத் தொடங்கிய நாளிலும் மிகப் பழையது.

காகம் ஏறப் பனம்பழம் விழுந்த கதையை அறியாத தமிழர் இலர்; வடமொழித் தருக்க நூலாரும் அதனைக் காகதாலீய நியாயம் என்று பெயரிட்டு வழங்கினர். யாழ்ப்பாணத்துச் சைவப் பெரியோர் தலைமுறை தலைமுறையாகப் பாடஞ்சொல்லி வந்த சிவஞான சித்தியார், பதியையும் பசுவையும் பாசத்தையும் பற்றிப் பேசப் புகுமுன், எதனை எவ்வாறு அறிந்தோம் என்னும் விசாரணையை அளவையியலில் முடித்துக்கொண்டே மேற்செல்கிறது. காண்டல், கருதல், உரை என்று அந்நூல் ஆராயும் பிரமாணங்களை நம் இருண்ட வீட்டில் வைத்துப் பார்த்தால், விளக்கு அணைந்தமை காண்டல். மின்னலே அணைத்தது என்பது கருதல். மறுநாள் மின்சார சபை வெளியிடும் அறிவித்தல் உரை. இம்மூன்றையும் ஒரே மூச்சில் ஒன்றாக்கிவிடுவதனாலேயே நாம் பிழைபடுகிறோம்.

மின்னல் எங்கே விழும் என்பதைக் கண்ணால் கண்டு அனுமானித்த முன்னோர் இத்தீவில் மிகப் பழையவர்கள். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் அரசாண்ட சங்கதிஸ்ஸன், ருவன்வெலிசாய என்று இன்று வழங்கும் மகாதூபத்தின் உச்சியில் விலைமதிப்பற்ற பளிங்கு வளையமொன்றை வைத்தான் என்று மகாவம்சம் கூறுகிறது. அது இடியின் அபாயத்தைத் தடுக்கும்பொருட்டு வைக்கப்பட்டதென்று அந்நூலின் பழைய உரை விளக்குகிறது. பளிங்கு மின்சாரத்தைக் கடத்தாத பொருளாதலின், அது தூபத்தைக் காத்திருக்க முடியாது. ஆயினும், உயர்ந்து நிற்பதன் உச்சியையே மின்னல் நாடுகிறது என்னும் அவதானம் அங்கே பழுதின்றி இருக்கிறது. காவல் வைக்க வேண்டிய இடத்தைச் சரியாகக் கண்டவர்கள், காவலுக்கு வைக்க வேண்டிய பொருளை மட்டுமே தவறவிட்டார்கள். பதினைந்து நூற்றாண்டுகளுக்குப் பின் இரும்புக் கோலை உச்சியில் நிறுத்திய மேனாட்டாருக்கும் இவர்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அவ்வளவே என்று நான் கருதுகிறேன். அவ்வளவு என்பது சிறிதன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தமிழ் வீடுகளில் இடி முழங்கும்போது அருச்சுனன் பெயரைச் சொல்லும் வழக்கமும், நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடும் வழக்கமும், அச்சத்தோடு பிறந்து அன்போடு கைமாறி வந்தவை. பாட்டி பேரப்பிள்ளையை அணைத்துக்கொண்டு அப்பெயரைச் சொன்ன வேளையில், பிள்ளை வீட்டுக்குள்ளே, தூணையும் மரத்தையும் விட்டு விலகி இருந்தது என்பதும் ஒரு பலன்.

மின்னலும் மின்சாரமும் ஒரே பொருள் என்பது பரீட்சையால் நிறுவப்பட்டது 1752இல். அவ்வாண்டு மே மாதம் 10ஆம் திகதி, பாரிசுக்கு அண்மையிலுள்ள மார்லி என்னும் ஊரில், பெஞ்சமின் பிராங்கிளின் எழுதியிருந்த யோசனைப்படி தாலிபார் என்னும் பிரெஞ்சு அறிஞர் நாட்டிய இரும்புக் கோலிலிருந்து, மேகம் கடந்துசென்றபோது தீப்பொறி எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அவ்வறிவுக்குரிய விலையை ஒருவர் உயிரால் கொடுத்தார். சென் பீட்டர்ஸ்பேர்க்கில் ஜோர்ஜ் வில்லெம் ரிக்மன் என்னும் பேராசிரியர், தம் வீட்டுக் கூரையில் நாட்டிய கோலிலிருந்து ஒரு கம்பியை அறைக்குள் கொண்டுவந்து, மேகத்தின் மின்னளவை அறியும்பொருட்டு அதனை நிலத்தோடு சேராமல் தனித்து நிற்கச் செய்திருந்தார். 1753இல் ஒருநாள் இடி கேட்டு அக்கருவியை நோக்கக் குனிந்தபோது மாண்டுபோனார். அவருடைய நெற்றியில் ஒரு சிவந்த புள்ளி இருந்ததையும், ஒரு காலின் சப்பாத்து வெடித்திருந்ததையும், அறையின் கதவு பெயர்ந்திருந்ததையும் உடனிருந்தோர் குறித்துவைத்தனர். அக்குறிப்புக்களிலிருந்தே, மின்னல் எவ்வழியே புகுந்து எவ்வழியே நிலத்தை அடைந்தது என்பதை உலகம் வாசித்தது. வானத்து நெருப்பு ஒரு வீட்டுக்குள் வருவதற்குக் கூரை பிளக்க வேண்டியதில்லை; நாமே இழுத்துவந்த ஒரு கம்பி போதும். களுபோவிலவின் ஒவ்வொரு வீட்டுக்கும் இன்று அத்தகைய கம்பிகள் இரண்டு மூன்று வருகின்றன.

இலங்கையில் ஊரைக் கடந்து நீண்ட முதற்கம்பி தந்திக்கம்பியே. 1858இல் கொழும்பும் காலியும் தந்தியால் இணைக்கப்பட்டன. தந்திக்கம்பி எங்கெல்லாம் போயிற்றோ அங்கெல்லாம் மின்னல் கம்பிவழியே வந்து கருவிகளை எரித்தமையால், பல்வரிசை போன்ற விளிம்புடைய இரு உலோகத் தகடுகளை மிகச் சிறு இடைவெளியோடு எதிரெதிரே நிறுத்தி, ஒன்றைக் கம்பியோடும் மற்றதை நிலத்தோடும் இணைக்கும் உபாயத்தைத் தந்திப் பொறியியலாளர் கண்டனர். தந்தியின் மெல்லிய மின்னோட்டம் அவ்விடைவெளியைத் தாண்டமாட்டாது; மின்னலோ தாண்டி நிலத்துக்குள் இறங்கிவிடும். இன்று தெருவோரத்து மின்மாற்றியின் தலையில், தட்டுத்தட்டாய் அடுக்கப்பட்ட கோல்வடிவில் நிற்கும் காவற்கருவி அவ்வுபாயத்தின் நேர் வாரிசு.

மின்விளக்கு இங்கே வந்த வரலாறு பலரும் அறிந்ததே. 1882இல் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஹீலியோஸ் என்னும் கப்பலில் மின்னொளியைக் கண்ட நகரத்தார், 1895இல் பூஸ்டெட் சகோதரர் கோட்டையில் பிரிஸ்டல் கட்டடத்திலிருந்து மின்சாரம் விற்கத் தொடங்கியபோது அதனை விலைக்கு வாங்கவும், 1899இல் அதே பூஸ்டெட் சகோதரரின் டிராம் வண்டிகளில் ஏறிச் செல்லவும் பழகிக்கொண்டனர். 1927இல் அரசாங்க மின்சாரத் திணைக்களம் உண்டாயிற்று; 1929இல் புறக்கோட்டையில் ஸ்டான்லி மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. நம் விஷயத்துக்கு இதில் முக்கியமானது ஒன்றுதான்: அக்காலத்து மின்சாரம் நகரத்துக்குள்ளேயே பிறந்து நகரத்துக்குள்ளேயே செலவாயிற்று. விளக்கு அணைந்தால் அதன் காரணம் சில மைல்களுக்குள் இருந்தாக வேண்டும்; கொழும்பில் வெட்டிய மின்னலையும் கொழும்பில் அணைந்த விளக்கையும் ஒருவர் சேர்த்து நினைத்தது அப்போது அவ்வளவு பிழையான அனுமானம் அன்று. நாம் இன்று சொல்லும் வாக்கியம் அந்தச் சிறிய உலகத்துக்குப் பொருந்திய வாக்கியம்.

அவ்வுலகத்தை மாற்றியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் 1912இல் சிறிய நீர்மின் நிலையமொன்றை அமைத்துக் காட்டி, 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின்முன் மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளால் தீவு முழுவதற்கும் மின்சாரம் அளிக்கலாம் என்று கட்டுரை வாசித்த அப்பெரியாரின் கனவு, எத்தனையோ தடைகளுக்குப் பின், 1950இல் லக்சபான மின்நிலையம் 25 மெகாவாட் ஆற்றலோடு திறக்கப்பட்டபோது நனவாயிற்று. மூன்று ஆண்டுகளின் பின் அவர் காலமானார். லக்சபானவிலிருந்து 66 ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில் மின்சாரம் மலைமுகடுகளையும் ரப்பர்த் தோட்டங்களையும் கடந்து கொழும்புக்கு அருகிலுள்ள கொலன்னாவையை அடைந்தது. அன்று தொட்டு, கொழும்பின் புறநகர் வீடொன்றின் மின்குமிழ், தான் ஒருபோதும் காணாத ஒரு மலைச்சரிவில் நிற்கும் இரும்புக் கோபுரத்தின் யோகக்ஷேமத்தைச் சார்ந்ததாயிற்று.

அக்கோபுரத்தில் நிகழ்வதைச் சற்று நின்று நோக்க வேண்டும். கோபுரங்களின் தலைக்குமேல் ஓடும் நிலக்கம்பியையோ கோபுரத்தையோ மின்னல் தாக்கும்போது, ஒரு வெட்டுக்குச் சாமானியமாக 30 ஆயிரம் அம்பியர் அளவிலான மின்னோட்டம், ஒரு வினாடியின் லட்சத்தில் சில பங்குக் காலத்தில், கோபுரத்தின் உடல்வழியே நிலத்தை நோக்கிப் பாய்கிறது. நிலம் பாறையாய் இருந்து அதனை எளிதில் ஏற்காவிடின், கோபுரத்தின் அழுத்தம் மேலெழுந்து, பீங்கான் தட்டுக்களின் மேலாக ஒரு நெருப்புப் பாலம் அமைந்துவிடுகிறது. மின்னல் அத்தோடு முடிந்தது. ஆனால் அது திறந்துவிட்ட பாலத்தின்வழியே மின்நிலையத்தின் சொந்த மின்னோட்டமே நிலத்துக்குள் ஒழுகத் தொடங்குகிறது. அதனைக் கண்டுகொள்ளும் காவற்கருவி, இமைக்கும் பொழுதுக்குள் அப்பாதையைத் துண்டித்துவிடுகிறது. கொழும்பில் விளக்கு அணைவது அத்துண்டிப்பினால். மின்னல் பாலத்தைத் திறந்தது உண்மையே. விளக்கை அணைத்தது, கம்பியும் மின்மாற்றியும் எரிந்துபோகாமல் காப்பதற்கென்று மனிதன் வைத்த கருவி. இதை மக்கள் அறிய வேண்டும் என்னும் ஆவலே என்னை எழுதத் தூண்டியது. இருள் என்பது பெரும்பாலும் காவல் தன் கடமையைச் செய்தமைக்கு அடையாளம். மின்னல் தன் விருப்பப்படி நடந்த இடத்தில் இருளோடு கருகல் மணமும் இருக்கும்.

இன்னொன்றையும் இங்கே சிந்திக்கலாம். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும், இரு பருவப்பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட காலத்தில், காலை வெயிலில் காய்ந்த நிலத்தின்மேல் கடற்காற்று ஈரத்தைச் சுமந்து சென்று, மேற்குச் சரிவுகளில் மோதி, பிற்பகலில் பெருமேகங்களாய் எழுகின்றது. களுபோவிலவின் வானில் மின்னல் வெட்டும் அதே பிற்பகலில் மலைநாட்டிலும் மின்னல் வெட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே நாம் கண்ட மின்னலும் நம் இருளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாய் இருக்கலாம்; ஒன்று மற்றதன் தாய் ஆகவேண்டியதில்லை. இக்காலத்திலும், 2021 டிசம்பர் 3ஆம் திகதியும் 2023 டிசம்பர் 9ஆம் திகதியும் தீவு முழுவதும் இருண்டபோது, கோளாறு தொடங்கிய இடம் கொத்மலையிலிருந்து பியகமவுக்கு வரும் உயரழுத்த மின்பாதை. அவ்விரு நாளும் தன் வாசலில் நின்று வானத்தை நோக்கிய கொழும்புவாசிக்கு அவ்வானம் ஒரு செய்தியும் சொல்லியிராது.

சாட்சியங்களைப் பொறுமையோடு வாசிக்கும் கலைக்கு ஒரு மகான் உண்டென்றால், அவர் சார்ல்ஸ் ஸ்டைன்மெட்ஸ். கூனிய முதுகோடு ஜேர்மனியில் பிறந்து, அரசியற் காரணத்தால் நாடு துறந்து, 1889இல் அமெரிக்கா சென்று, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பெருமைக்குரிய கணித மேதையாய் விளங்கிய அவருக்கு, மோஹாக் ஆற்றங்கரையில் மரத்தால் அமைந்த ஒரு சிறு வாசஸ்தலம் இருந்தது. 1920இல் அவர் அங்கே இல்லாத வேளையில் அதனை மின்னல் தாக்கியது. திரும்பிவந்து பார்த்தபோது அறையில் பல பொருள்கள் சிதைந்து, சுவரில் மாட்டிய நிலைக்கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. வேறொருவராயின் துடைப்பத்தை எடுத்திருப்பார். ஸ்டைன்மெட்ஸ் அக்கண்ணாடியின் துண்டுகளை ஒன்றொன்றாய்ப் பொறுக்கி, பொருத்தமறிந்து சேர்த்து, இரு கண்ணாடிப் பலகைகளுக்கு இடையே வைத்து நிலைப்படுத்தினார். மின்னல் அதன் முகத்தில் எழுதிச் சென்ற கிளைவழிகள் அங்கே மீண்டும் தோன்றின. அதன்பின் அவர் லட்சம் வோல்ட்டுக்கு மேற்பட்ட செயற்கை மின்னலைத் தோற்றுவிக்கும் இயந்திரமொன்றை அமைத்து, 1922இல் அறிஞர்கள் முன்னிலையில் மரத்துண்டுகளைப் பிளந்து காட்டினார். மின்பாதைக் காவற்கருவிகளைக் கட்டுமுன்னரே பரீட்சிக்க அது வழிசெய்தது. நம் வீடுகளில் நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடிய கைகளையும், நொறுங்கிய கண்ணாடியை எழுத்தெழுத்தாய் வாசித்த அந்தக் கைகளையும் நான் அடிக்கடி சேர்த்தே நினைக்கிறேன். இருவரும் அஞ்ச வேண்டியதற்கே அஞ்சினார்கள். ஒருவர் அச்சத்தின் அருகே அமர்ந்து அதனைப் படித்தார்.

மின்னலின் உடலையே பிரித்துக் காட்டியவர்கள் தென்னாபிரிக்காவில் ஷோன்லாண்ட் என்னும் விஞ்ஞானியும் அவர் தோழர்களும். சுழலும் வில்லையுடைய, பொய்ஸ் என்பவரின் படக்கருவியால் 1930களில் அவர்கள் எடுத்த படங்கள், ஒரு மின்னல் என்று கண் காண்பது, படிப்படியாய் இறங்கும் ஒரு முன்னோடியும், நிலத்திலிருந்து பேரொளியோடு மேலெழும் ஒரு மறுமொழியும், சில வேளைகளில் அதே வழியில் மீண்டும் மீண்டும் நிகழும் பல அடிகளும் சேர்ந்தது என்று காட்டின. மின்னல் துடித்துத் துடித்து ஒளிர்வது அதனால்.

இனிக் களுபோவிலவுக்குத் திரும்பலாம். விளக்கு அணைந்தவுடன் வானத்தைப் பார்ப்பதற்குப் பதிலாகத் தெருவைப் பார்ப்பவர் பாதி உண்மையை அறிந்துவிடுகிறார். அயல்வீட்டில் விளக்கு எரிகிறதென்றால், தீவின் மலைகளையும் கோபுரங்களையும் விசாரிக்க வேண்டியதில்லை. நம் வீட்டு ட்ரிப் சுவிட்சைத் திறந்து பார்த்தால் போதும். 30 மில்லி அம்பியர் அளவு மின்னோட்டம் வழிதப்பி நிலத்துக்குள் ஒழுகினாலே விழுந்துவிடும்படி அமைந்த அக்கருவி, அண்மையில் விழுந்த மின்னல் வீட்டு வயர்களில் எழுப்பும் கணநேர அலைக்கும் விழுந்துவிடுவதுண்டு. மேலே தள்ளினால் நிற்கிறதா? அப்படியாயின் மின்னல் மீது சொன்ன குற்றம் பொருந்தும். தள்ளத் தள்ள விழுகிறதா? அப்போது மழைமீது சந்தேகங் கொள்ள வேண்டும்; கிணற்றடி மோட்டாரின் இணைப்பிலோ, முற்றத்து விளக்கின் பெட்டியிலோ, கூரை ஒழுகிய சுவரின் சொக்கெட்டிலோ நீர் புகுந்திருக்கும். மின்னலும் மழையும் கூடவே வந்தமையால் மழை செய்ததை மின்னல் ஏற்றுக்கொண்டது. இத்தகைய இருள், இடி ஓய்ந்து ஒரு மணித்தியாலம் சென்றபின்னும் வருவதுண்டு. ஊறுவதற்கு நீருக்குக் காலம் வேண்டும்.

தெருவில் இடையிடையே சில வீடுகள் மட்டும் இருண்டிருப்பின், மூன்று வயர்களில் வரும் மின்சாரத்தில் ஒன்று மட்டும் அற்றுப்போயிற்று என்பது பொருள். தெருவிலுள்ள வீடுகள் மூன்றுக்கும் பங்கிடப்பட்டிருப்பதால் இருளும் பங்கிடப்படுகிறது. தெரு முழுவதும் இருண்டு அடுத்த தெரு ஒளிர்ந்தால் நம் சந்தியிலுள்ள டிரான்ஸ்போமரை நோக்க வேண்டும். அங்கே உயரத்தில் சாய்வாய் மாட்டியிருக்கும் டிடிஎல்ஓ என்னும் ஃபியூஸ், அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தால் அறுபடும்போது துப்பாக்கி வெடிப்பதுபோன்ற சத்தத்தோடு திறந்து, தன் குழாய் தலைகீழாய்த் தொங்கும்படி விழுகிறது. அச்சத்தத்தையே பலர் இடி விழுந்த சத்தமாகக் கொள்கின்றனர். மறுநாட் காலையில் அக்குழாய் தொங்குவதை எவரும் நிமிர்ந்து காணலாம். அதனடியில் பெரும்பாலும் இறந்த வௌவாலோ அணிலோ கிடக்கும். தென்னைகளும் ஈரப்பலாவும் மதில்தாண்டி வளர்ந்த இப்பகுதியில் அவ்வுயிர்கள் கம்பிகளில் மாண்டு தொங்குவது, சொல்ல வருத்தமாயினும், அரிய காட்சியன்று. ஊரே இருண்டு, நாற்புறத்து அடுக்குமாடிகளிலும் ஜெனரேட்டர்களின் முழக்கம் எழுமாயின், காரணம் தொலைவில் இருக்கிறது. விளக்கு ஒருமுறை இமைத்து, மீண்டு, மறுபடி இமைத்து, பிறகு நிரந்தரமாய் அணைந்ததென்றால், மின்பாதையின் தானியங்கிச் சுவிட்சு, கோளாறு தானே நீங்கிவிட்டதோ என்று சோதித்துச் சோதித்துக் கைவிட்டது என்று கொள்ளலாம். மின்னல் மூட்டிய பாலம் ஒரு துண்டிப்பில் அவிந்துவிடும், விழுந்த மரக்கிளை அவியாது. ஆகவே ஓர் இமைப்போடு மீண்ட விளக்கே மின்னலின் மெய்ச்சாட்சி. பலமுறை இமைத்து அணைந்த விளக்கு மரத்தின் பக்கம் கைகாட்டுகிறது.

காலமும் தூரமும் கூடச் சாட்சி சொல்லும். ஒளி கண்ட கணத்துக்கும் இடி கேட்ட கணத்துக்கும் இடையே மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீற்றர் என்று கணக்கிட்டால், ஒன்பது வினாடி சென்று கேட்ட இடி மூன்று கிலோமீற்றருக்கு அப்பால், வெள்ளவத்தைப் பக்கத்திலோ கடல்மேலோ விழுந்தது. அது நம் வாசற்கம்பத்தைத் தொட்டிருக்க நியாயமில்லை. பருவமும் அத்தன்மைத்தே. ஆனி ஆடியில் சோளகம் வீசி, நாட்கணக்கில் மழை பெய்யும்போது இடி மிகக் குறைவு. அம்மாதங்களில் வரும் இருளுக்குக் காற்றில் கம்பியோடு உரசும் தென்னோலையே முதற் சந்தேகத்துக்குரியது. இல்லாமையும் ஓர் அறிவு என்று பழைய நூலார் கொண்ட அபாவப் பிரமாணத்துக்கு, இடி கேளாத மழையைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

மின்னல் உண்மையாகவே வந்துபோன வீட்டில் அதன் கையெழுத்து வேறு. குளிர்சாதனப்பெட்டி பிழைத்திருக்க, தொலைக்காட்சியோ இணையப்பெட்டியோ செத்திருப்பின், செத்தவை எவை என்று கவனிக்க வேண்டும்: மின்சாரக் கம்பி ஒருபுறமும் அன்ரெனாவோ தொலைபேசிக் கம்பியோ மறுபுறமுமாக, இரு கயிற்றில் கட்டுண்டவை அவை. மின்னல் ஒரு கம்பியின் அழுத்தத்தை உயர்த்தி மற்றதை விட்டுவிடும்போது, அவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் கருவி அந்த வேறுபாட்டைத் தன் உடலால் தாங்க நேர்கிறது. வீட்டருகே நின்ற தென்னையொன்று சில வாரங்களில் குருத்து வாடி, ஓலைகள் உடைந்தாற்போல் தொங்கி, பக்கத்துத் தென்னைகளும் அவ்வாறே நலியத் தொடங்கினால், அன்று மின்னல் விழுந்த இடம் அதுவே என்று தோட்டக்காரர் நெடுங்காலமாய் அறிவர்.

இரு கயிற்றில் கட்டுண்டவற்றைக் காக்கும் வழக்கம் இந்நகரில் வானொலியோடு தொடங்கியது. 1925இல் கொழும்பு வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியபோது, அதனைக் கேட்க விரும்பியோர் கூரைக்கும் மரத்துக்குமாய் நீண்ட ஏரியல் கம்பி கட்ட வேண்டியிருந்தது. இடி வரும்போது அக்கம்பியைப் பெட்டியிலிருந்து பிரித்து நிலத்தோடு இணைத்துவிட ஒரு சிறு சுவிட்சும் வைத்தனர். பெட்டியில் எழும் கரகரப்பே மின்னல் வருகிறது என்று முன்னறிவித்தது. 1895இல் ருஷ்யாவில் பொப்போவ் முதன்முதல் செய்து காட்டிய வானலைக் கருவியும் இடிமேகத்தை அறிவிக்கும் கருவிதான். 1979இலும் 1982இலும் தொலைக்காட்சிச் சேவைகள் வந்து கூரைதோறும் அலுமினியக் கிளைகள் முளைத்தபின், அப்பழக்கம் எல்லா வீட்டாருக்கும் உரியதாயிற்று. "இடி முழங்குது பிள்ளை, ரீவீ வயரைக் கழட்டிவிடு" என்று அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பது மூடநம்பிக்கையன்று. சுவிட்சை மட்டும் அணைத்தல் போதாது என்று அவர் அறிந்திருந்தார். சில மில்லிமீற்றர் இடைவெளியை மின்னலலை எளிதாய்த் தாண்டிவிடும். அவர் சொல்லாமல் விட்டதொன்று உண்டு: வெளிச்சமும் சத்தமும் ஒன்றாய் வரத் தொடங்கியபின் அவ்வயரைத் தொடுதல் கூடாது. ரிக்மன் குனிந்தது அத்தகைய கணத்தில்.

மின்னலே இல்லாத இருள்களும் இவ்வரலாற்றில் இடம்பெற வேண்டியவை. 2020 ஆகஸ்ட் 17ஆம் திகதி தீவு முழுவதும் மணிக்கணக்கில் இருண்டது. கெரவலப்பிட்டிய உபமின்நிலையத்தில் வேலை நடந்தபோது நேர்ந்த மனிதத் தவறே காரணம் என்று விசாரணை கண்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, வெயில் எறித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியோடு தொடர்புபட்டதாக மின்சக்தி அமைச்சர் குமார ஜயகொடி அறிவித்தார். அதைக் கேட்டவர் பலர் நகைத்தனர். ஒரு சிறு பிராணி ஒரு தீவை எவ்வாறு இருளாக்கும் என்னும் கேள்வி நியாயமானதே. அதற்கு மின்சார சபை பின்னர் தந்த விளக்கம் கவனத்துக்குரியது. ஞாயிற்றுக்கிழமையாதலின் தேவை குறைந்து, வெயிலாதலின் கூரைகளில் பிறந்த சூரிய மின்சாரம் மிகுந்து, சுழலும் பெரிய இயந்திரங்கள் சிலவே அன்று இயங்கியமையால், ஓர் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் கனம் மின்தொகுதிக்கு இல்லாதிருந்தது. குரங்கு தொடக்கியது, முடித்தது அக்கனமின்மை. தொட்ட காரணமும் தாங்காத காரணமும் வேறு வேறு என்பதை அந்த ஞாயிறு போலத் தெளிவாய்க் காட்டிய நாள் நம் நினைவில் வேறில்லை. மின்னல் வெட்டிய நாட்களிலும் இவ்விரு காரணங்களையும் பிரித்தே கேட்க வேண்டியிருக்கிறது. மின்னல் ஆண்டுதோறும் வருகிறது, அதே கம்பங்களின்மேல் வருகிறது; ஓராண்டு இமைத்து மீளும் விளக்கு மறு ஆண்டு மணிக்கணக்கில் அணைந்திருந்தால், இடையில் மாறியது வானம் அன்று.

வீட்டளவில் மாறுவது பெரும்பாலும் நிலத்தோடு போகும் பச்சை வயர். மீட்டர்ப் பெட்டியிலிருந்து சுவரோடு இறங்கி, முற்றத்து மண்ணில் அடித்த செப்புக் கோலில் முடியும் அதனை, வீட்டுக்கு வெள்ளையடிப்போரும் மதில் கட்டுவோரும் முற்றத்துக்குச் சீமெந்து போடுவோரும் அறியாமல் அறுத்தோ மூடியோ விடுகின்றனர். கோலும் வயரும் சேரும் பூட்டு, கடற்காற்றின் உப்பில் சில ஆண்டுகளில் களிம்பேறித் தொடர்பு கெடுகிறது. அது கெட்டிருப்பதை எந்த விளக்கும் அறிவிப்பதில்லை. பெட்டிகள் எல்லாம் முன்போலவே வேலை செய்துகொண்டிருக்கும். வயரிங் தெரிந்தவர் ஒருவரை அழைத்து, புரட்டாதி முடியுமுன் அப்பூட்டைத் திறந்து துலக்கி இறுக்கச் செய்வதும், ட்ரிப் சுவிட்சிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்று பார்ப்பதும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும் வேலை.